இயற்கையைக் கருவாகக் கொண்ட ஜாஸ் குரல் ஆல்பம்: முதல் தாளிலிருந்து வெளியீடு வரை

இந்த வேலையில் புதிதாக இறங்கும் பாடகர்கள் பலர், முதல் நாளே ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு காட்டுக்கோ கடற்கரைக்கோ கிளம்பிவிடுகிறார்கள். பத்து மணி நேரப் பறவைக் குரலோடு திரும்பி வந்து, அதன்மேல் எந்தப் பாட்டை ஒட்டலாம் என்று தேடுகிறார்கள். கடைசியில் கிடைப்பது, எப்போதும் பாடும் பாடல்களுக்கு முன்னும் பின்னும் மழைச் சத்தம் வைத்த ஒரு தொகுப்பு. மழையை எடுத்துவிட்டால் அந்த ஆல்பத்தில் இயற்கை எங்குமே இருக்காது.

வரிசையைத் திருப்பிப் போட்டால் இந்தச் சிக்கல் வராது. இயற்கை எப்படி நடந்துகொள்கிறது என்பது முதலில் பாடலின் அமைப்புக்குள் போக வேண்டும். அதன் சத்தம், தேவைப்பட்டால், கடைசியில் வரட்டும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையில்தான் இருக்கின்றன.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் குரலின் எல்லையை எழுதி வையுங்கள். எட்டக்கூடிய மிகத் தாழ்ந்த சுரமும் மிக உயர்ந்த சுரமும் மட்டும் போதாது. களைத்துப்போன மாலையில், தணிந்த குரலில் பாடினாலும் நடுங்காமல் நிற்கும் பகுதி எது என்று குறித்துக்கொள்ளுங்கள். மைக்குக்கு அருகில், பேச்சுக்குப் பக்கத்தில் நின்று பாடும் இசை இது. உச்ச சுரத்தைவிட அந்த நடுப்பகுதிதான் ஆல்பத்தைச் சுமக்கும்.

யார் வாசிக்கப்போகிறார்கள் என்பதும் முன்பே தெரிய வேண்டும். பியானோ அல்லது கிட்டார், பாஸ், டிரம்ஸ் என்ற மூவர் போதும். ஆள் கிடைக்காத வாத்தியத்தை மனத்தில் வைத்து எழுதிவிட்டு, பிறகு அதைப் பியானோவுக்கு மாற்றினால் பாடல் பாதியாகிவிடும்.

பாடலை எழுதியதில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பது பற்றியும் இப்போதே பேசி, ஒரு பக்கத்தில் எழுதிக் கையெழுத்திடுங்கள். ஒத்திகையில் பாஸ் வாசிப்பவர் போட்ட நான்கு பார் (தாளத்தின் ஓர் அளவுக்கு ஒரு பார்) ஒன்றே பாடலின் அடையாளமாகிவிடுவது ஜாஸில் அடிக்கடி நடக்கும். ஸ்டூடியோவுக்குப் போன பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் கசப்புதான் மிஞ்சும்.

1. ஓர் இடம், ஒரு கால அளவு

‘இயற்கை’ என்று தலைப்பு வைத்தால் எதையும் உள்ளே விடலாம், எதையும் வெளியே தள்ள முடியாது. எனவே ஓர் இடத்தையும் ஒரு கால அளவையும் தேர்ந்தெடுங்கள். ஒரு கழிமுகம், ஏற்றத்திலிருந்து வற்றம் வரை. ஒரு மரம், ஓராண்டு. ஒரு குளம், அந்தி முதல் விடியல் வரை.

இதை ஒரே வாக்கியமாக எழுதி ஒரு நண்பரிடம் சொல்லுங்கள். எந்தப் பாடல் முதலில் வரும், எது கடைசியில் வரும் என்று அவரால் ஊகிக்க முடிந்தால் வாக்கியம் சரி. பலரும் நான்கு பருவங்களில் போய் விழுகிறார்கள். ஒவ்வொரு பருவத்துக்கும் இரண்டு பாடல் என்றால் படம் பெரிதாகி, வரிகள் பொதுவாகிவிடும். நான் குளத்தையும் ஓர் இரவையும்தான் தேர்ந்தெடுப்பேன். இந்த வழிகாட்டியில் அதையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன்.

தேர்ந்தெடுத்த இடத்துக்கு மூன்று முறையாவது கருவி எதுவும் இல்லாமல் போய் உட்காருங்கள். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பொருளின் பெயரை எழுதுவதோடு நிற்காமல் அது என்ன செய்கிறது என்று எழுதுங்கள். ‘தவளை’ என்ற குறிப்பால் பயனில்லை. ‘ஒரு தவளை தொடங்குகிறது, சில நொடிகளில் எல்லாம் சேர்கின்றன, காலடி கேட்டதும் ஒன்றாக நிற்கின்றன’ என்ற குறிப்பில் ஒரு முழு இசை அமைப்பே இருக்கிறது.

2. முதல், கரு, உரி: மூன்று பத்தித் தாள்

தமிழில் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் பெரிய வசதி இருக்கிறது. திணை மரபு தந்த மூன்று சொற்களை அப்படியே எடுத்து ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல்: நிலமும் பொழுதும். கரு: அங்கே வாழ்பவை, விளைபவை, ஒலிப்பவை. உரி: அந்த நிலத்துக்கும் பொழுதுக்கும் உரிய மனநிலை. ஒரு பாடலுக்குக் குறுக்கே ஒரு வரிசை.

முதலும் கருவும் நிரம்பி உரி காலியாக இருந்தால் கையில் இருப்பது வெறும் காட்சிக் குறிப்பு. உரி மட்டும் நிரம்பியிருந்தால் அது எந்த ஆல்பத்திலும் போய் உட்காரக்கூடிய காதல் பாட்டு. இரண்டு வரிசைகளையும் இரக்கமில்லாமல் அடித்துவிடுங்கள்.

மூன்று பத்திகளுக்கும் இடையே காரணத் தொடர்பு இருக்க வேண்டும். முல்லையில் கார்காலமும் மாலையும் காத்திருப்போடு சேர்ந்ததற்குக் காரணம் உண்டு. போனவர் திரும்புவதாகச் சொன்ன பருவம் அது. மழை வந்துவிட்டது, ஆள் வரவில்லை. பொழுதே அந்த உணர்வை உண்டாக்குகிறது. உங்கள் தாளில் ‘நள்ளிரவு, சுவர்க்கோழி, யாரோ சொன்ன ஒரு சொல்லை உறங்க முடியாமல் திரும்பத் திரும்ப நினைப்பது’ என்று ஒரு வரிசை இருந்தால், அந்த ஓயாத ஒலியும் ஓயாத நினைப்பும் தாமே சேர்ந்துகொள்ளும். ‘நள்ளிரவு, சுவர்க்கோழி, மகிழ்ச்சி’ என்று இருந்தால் ஏன் என்று உங்களையே கேளுங்கள்.

3. நடத்தையைப் பாடலின் வடிவமாக்குதல்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இது. நோட்டில் உள்ள ஒவ்வொரு வினைக்கும் ஜாஸில் ஏற்கெனவே உள்ள ஓர் உத்தியைத் தேடுங்கள்.

தவளைகளை எடுத்துக்கொள்வோம். பாஸ், டிரம்ஸ், பியானோ ஒவ்வொன்றாகச் சேர்ந்து அடர்த்தியாகட்டும். பாடகர் முதல் சொல்லை எடுத்ததும் எல்லோரும் நிற்க, முதல் தட்டில் மட்டும் ஓர் அடி. இதற்கு ஸ்டாப் டைம் என்று பெயர். பாடகர்தான் இங்கே அந்தக் காலடி. ஒரு தவளைச் சத்தம்கூட இல்லாமல் குளம் வந்துவிடும்.

காற்று குளிரக் குளிரச் சுவர்க்கோழியின் ஒலிப்பு வேகம் குறையும். அமோஸ் டால்பியர் என்ற இயற்பியலாளர் 1897இல் இதற்கு ஒரு சூத்திரமே எழுதினார். எனவே இரவைச் சொல்லும் ஆல்பத்தில் ஒரே மெட்டை மூன்று இடங்களில் வைக்கலாம்: அந்தியில் நிமிடத்துக்கு 132 தட்டு, நள்ளிரவில் 104, விடியலுக்கு முன் 76. கேட்பவருக்குக் காரணம் தெரியவேண்டியதில்லை; இரவு ஆழமாகிறது என்பது உடலுக்குத் தெரியும்.

ஆண் குயில் ஒரே அழைப்பைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் சற்று உயர்த்தி, உச்சத்தில் சட்டென விட்டுவிடும். பொருளில்லாத அசைகளால் பாடும் ஸ்கேட் வரும் இடத்துக்கு இது தயார் வடிவம். இரண்டு பார் சொற்றொடரை அரை சுரம் அரை சுரமாக ஏற்றிப் போய் வெட்டுங்கள். அதன் பிறகு வரும் இரண்டு பார் மௌனத்தை யாரும் நிரப்பக் கூடாது. டிரம்ஸ் வாசிப்பவர் நிரப்பத்தான் பார்ப்பார்; மெட்டும் கார்டுகளும் எழுதிய தாளான லீட் ஷீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

கடலைத் தேர்ந்தவர்களுக்கு ஒரு கணக்கு. கரைக்கு வரும் அலைகளுக்கு இடையே ஏறத்தாழ 10 நொடி இருப்பதாகக் கொள்வோம். நிமிடத்துக்கு 96 தட்டு என்ற வேகத்தில் 10 நொடி என்பது 16 தட்டு, அதாவது 4/4 தாளத்தில் சரியாக நான்கு பார். உங்கள் கரையில் எத்தனை நொடி என்று நீங்களே எண்ணி, அதற்கேற்ப வேகத்தை வையுங்கள். உண்மையான அலை ஒன்றுபோல வராது. எனவே ஐந்தாவது சொற்றொடரை ஒரு பார் தாமதிக்கவிடுங்கள்.

பறவையின் மெட்டை நேரடியாக எடுக்க விரும்பினால், பதிவை மெதுவாக ஓட்டிக் கேளுங்கள். பாதி வேகத்தில் ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) இறங்கும், கால் வேகத்தில் இரண்டு, அரைக்கால் வேகத்தில் மூன்று. சிறு பறவைகள் பலவும் 2,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரை பாடுவதால், மூன்று ஆக்டேவ் இறக்கிய பிறகுதான் மனிதக் குரலுக்கு எட்டும். அப்போதும் பல சுரங்கள் பியானோக் கட்டைகளுக்கு இடையில் விழும். பறவைகளோடு சேர்ந்து வாசித்த ஜாஸ் கலைஞர் எரிக் டால்ஃபி கவனித்ததும் இந்த இடைச் சுரங்களைத்தான். அவற்றைக் கட்டைக்கு இழுத்து நேராக்காதீர்கள். குரல் அங்கே வழுக்கட்டும், பியானோ அந்தப் பாரில் ஒதுங்கட்டும்.

இந்தப் படியில் நான் அதிகம் பார்த்த பிழை: எல்லாப் பாடலும் மெல்லத் தொடங்கி, உச்சம் தொட்டு, மெல்ல அடங்குவது. இயற்கையில் பல விஷயங்கள் சட்டென நிற்கின்றன. சில நடுவிலேயே தொடங்குகின்றன.

4. நீளக் கணக்கு

வரிகள் எழுதும் முன்பே இதைச் செய்யுங்கள். பிறகு வெட்டுவது வலிக்கும். 32 பார் கொண்ட ஒரு சுற்று, நிமிடத்துக்கு 60 தட்டு என்ற வேகத்தில் 2 நிமிடம் 8 நொடி ஓடும். 160 தட்டு வேகத்தில் 48 நொடிதான். மெதுவான பாடலில் முழுச் சுற்றைப் பாடி, ஒரு முழுச் சுற்று சோலோ விட்டு, மறுபடி முழுச் சுற்றும் பாடினால் ஆறு நிமிடத்தைத் தாண்டும். சோலோவை முதல் பாதிக்கு மட்டும் விட்டு, குரல் சுற்றின் நடுவிலிருந்து திரும்பி வந்தால் நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் முடியும்.

மொத்தம் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் எல்.பி. தட்டாக வெளியிட நினைத்தால் ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் வசதியானது. அதற்கு மேல் போகப் போக ஒலியின் அளவைக் குறைத்து வெட்ட வேண்டியிருக்கும். பக்கம் திரும்பும் இடத்தில் உங்கள் நள்ளிரவு வரும்படி பாருங்கள்.

5. வரிகள்

‘அழகான’, ‘அமைதியான’, ‘மாயமான’ என்ற சொற்களை முதல் வரைவிலேயே அடித்துவிடுங்கள். அவை இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, பாடுபவர் எங்கே நிற்கிறார் என்றும் சொல்வதில்லை.

உணர்வை நேரே சொல்லும் வரி ஒரு பாடலுக்கு ஒன்று போதும். மற்றவற்றைக் கருப்பொருள் சுமக்கட்டும். சங்கக் கவிதையின் உள்ளுறை செய்யும் வேலை இதுதான்: மீன்கொத்தி காத்திருந்த கிளையை மட்டும் பாடினால், யார் வரவில்லை என்பது தானே புரியும்.

நீண்ட சுரம் விழும் இடத்தில் நெடில் வைக்க வேண்டும். ஆ, ஓ போன்ற திறந்த ஒலி நல்லது. ‘கல்’, ‘நெல்’ போல் குறிலுக்குப் பின் மெய்யில் முடியும் சொல்லை நான்கு தட்டுக்கு நீட்டினால், ஒன்று குறில் நெடிலாகிப் பொருள் கெடும், அல்லது மெய் காற்றில் தொங்கும். ‘கல்’லை நீட்டினால் ‘கால்’ ஆகிவிடும். ஸ்விங் தாளத்தில் சொற்கள் தட்டுக்குச் சற்று முன்போ பின்போ விழும் என்பதால், சொல்லின் நடுவே மூச்சு வெட்டு விழாதபடி பேசிப் பார்த்து எழுதுங்கள். மெட்டில்லாமல் தாளத்தோடு மட்டும் வாய்விட்டுச் சொல்லும்போது இடறும் வரி, மைக்குக்கு முன்னும் இடறும்.

6. பிறருடைய பாடல், கவிதை, ஒலி: அனுமதி

பதில் வர மாதங்கள் ஆகலாம் என்பதால்தான் இந்தப் படி ஒத்திகைக்கு முன்னால் இருக்கிறது.

பழைய ஸ்டாண்டர்ட் (பல பாடகர்களும் பாடிவரும் ஜாஸ் பாடல்) ஒன்றைச் சேர்க்கும்போது, அதைப் பாடிப் பதிவுசெய்யும் உரிமமும் அதன் வரிகளை மாற்றும் அனுமதியும் வெவ்வேறு. மொழிபெயர்ப்பது, ஒரு சாக்ஸஃபோன் சோலோவுக்குச் சொல் எழுதிப் பாடுவது இரண்டுக்கும் உரிமையாளரின் தனி அனுமதி வேண்டும். கவிதைக்கு, பல நாடுகளில் ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரையும் இந்தியாவில் 60 ஆண்டு வரையும் காப்புரிமை உண்டு. கவிஞர் பழையவராக இருந்தாலும் மொழிபெயர்ப்பாளருக்குத் தனி உரிமை இருப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இணையத்தில் கிடைக்கும் பறவை ஒலிகளும் அப்படியே. ஸீனோ கான்டோ தளத்தில் உள்ள பதிவுகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில், அதாவது சில நிபந்தனைகளோடு பிறர் பயன்படுத்த விடும் உரிமத்தில், இருப்பவை. அவற்றில் பல வணிகப் பயன்பாட்டையும் மாற்றியமைப்பதையும் தடுக்கின்றன. விற்பனைக்கு வரும் ஆல்பத்தில் அவற்றைப் பயன்படுத்தப் பதிவு செய்தவரிடம் எழுதிக் கேட்க வேண்டும். சொந்தமாகப் பதிவதே நேர்வழி.

7. சுருதியும் லீட் ஷீட்டும்

அச்சில் உள்ள சுருதி உங்களுக்காக எழுதப்பட்டதல்ல. மெட்டின் பெரும்பகுதி எங்கே நடமாடுகிறதோ, அது நீங்கள் முன்பு குறித்துவைத்த நடுப்பகுதியில் விழுமாறு மாற்றுங்கள். எல்லாப் பாடலுக்கும் இப்படிச் செய்தால் மூன்று பாடல் ஒரே சுருதியில் வந்து நிற்கும். அடுத்தடுத்து வருபவற்றில் ஒன்றை அரை சுரமோ ஒரு சுரமோ நகர்த்துங்கள். ஒரே சுருதி தொடர்ந்தால் கேட்பவருக்கு இரவு நகராது.

டெனார் சாக்ஸஃபோனுக்கும் டிரம்பெட்டுக்கும் ஒரு முழுச் சுரம் உயர்த்திய தனித் தாள் வேண்டும். ஆல்டோ சாக்ஸஃபோனுக்கு ஒன்பது அரை சுரம் (மேஜர் சிக்ஸ்த் என்ற இடைவெளி) உயர்த்த வேண்டும். ஸ்டூடியோவில் மனக்கணக்காக மாற்றச் சொல்லாதீர்கள்.

8. ஒத்திகை

‘மர்மமாக வாசியுங்கள்’ என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை வாசிப்பார்கள். செயலைச் சொல்லுங்கள்: ‘பாஸ் நிற்கவே கூடாது, பியானோ எட்டுப் பாருக்கு ஒரு முறை ஒரே ஒரு துளி.’

இரண்டாம் ஒத்திகையின் முடிவில் ஒவ்வொரு பாடலையும் குரலும் பாஸும் மட்டுமாக ஒரு முறை ஓட்டுங்கள். அதிலேயே குளம் தெரிந்தால் பாடல் தயார். தெரியவில்லையென்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள். ஒலிப்பதிவைச் சேர்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இந்தச் சோதனையைத் தவிர்த்த ஓர் ஆல்பத்தில் நான் பணியாற்றினேன். மிக்ஸிங் மேசையில் தவளைகளைக் கூட்டிக் கூட்டி வைத்தும் அந்தப் பாடல் எழவேயில்லை.

வேகங்களை ஒத்திகையில் குறித்துவைத்து, அந்தத் தாளை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோங்கள். பதற்றத்தில் எல்லாப் பாடலும் வேகமெடுக்கும்.

9. வெளியில் ஒலிப்பதிவு

இப்போது எந்தப் பாடலுக்கு எந்தப் பொழுதின் எந்த ஒலி எத்தனை நொடி வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். பட்டியலோடு போங்கள்.

24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் போதும். மைக்குக்கு நுரை உறை மட்டும் போதாது, மேலே ரோம உறையும் வேண்டும். காற்று மைக்கில் மோதும் உறுமலைப் பின்னால் முழுமையாக நீக்க முடியாது. அமைதியான இடத்தில் மைக்கின் சொந்த இரைச்சலே பெரிதாகக் கேட்கும் என்பதால், இரைச்சல் குறைந்த மைக்கை வாடகைக்காவது எடுங்கள். கருவியை வைத்துவிட்டு விலகிப் போங்கள். உங்கள் மூச்சும் உடைச் சரசரப்பும் பதிவாகும். ஒவ்வொரு பதிவும் பத்து நிமிடமாவது ஓடட்டும், முடிவில் இடத்தையும் நேரத்தையும் வாயால் சொல்லிப் பதியுங்கள்.

பறவையின் குரலை ஒலிபெருக்கியில் போட்டு அதை வரவழைக்கக் கூடாது. எல்லைக்குள் போட்டியாளர் நுழைந்ததாக நினைத்து அது கூட்டைவிட்டு வரும். இனப்பெருக்கக் காலத்தில் அதன் விலை பெரிது. காப்புக் காடுகளில் முன் அனுமதி கேளுங்கள்.

10. ஸ்டூடியோ

நாளுக்கு நான்கு பாடல் என்று இரண்டு நாள் வைக்கலாம். ஆல்பத்தின் வரிசையில் பதியாதீர்கள். நடுத்தர வேகப் பாடலில் எல்லோரும் சூடாகி, குரலை அதிகம் இழுக்கும் பாடலை அதன் பின்னாலும், மிக மெதுவானதை விளக்கைத் தணித்து அந்நாளின் இறுதியிலும் வையுங்கள்.

வாயிலிருந்து மைக் 15 முதல் 20 சென்டிமீட்டர். நெருங்கினால் தாழ்ந்த ஒலி தடிக்கும். ஒரு பாடலில் அது கிசுகிசுப்புக்கு உதவும். எல்லாவற்றிலும் வந்தால் சலிக்கும்.

எல்லோரும் ஒரே நேரத்தில் வாசிக்கட்டும். மெட்ரோனோம் சொடுக்கு இல்லாமல் மூச்சோடு நகரும் பாடலில், ஒரு டேக்கின் (ஒரு முறை வாசித்துப் பதிந்ததன்) வரியை இன்னொன்றில் ஒட்டுவது கடினம். எனவே முழு டேக்காக மூன்று எடுங்கள். மூன்றிலும் வரவில்லையென்றால் அடுத்த பாடலுக்குப் போய்த் திரும்புங்கள். டேக்குக்கு முன் வெளிப்பதிவை இரண்டு நிமிடம் எல்லோரும் ஹெட்போனில் கேட்டு, பிறகு அதை அணைத்துவிட்டு வாசிப்பது நல்ல பலன் தந்திருக்கிறது. ஓடவிட்டபடியே வாசித்தால் அதற்கு இடம்விட மறந்து, எல்லோரும் அதன்மேல் ஏறிவிடுவார்கள்.

11. மிக்ஸிங்

ச, ட, த போன்ற எழுத்துகளின் தெளிவு இருக்கும் அதிர்வெண்களில்தான் பறவைகளும் பாடுகின்றன. இரண்டையும் ஒன்றாக வைத்தால் வரிகள் கரையும். குரலின் இடைவெளிகளில் மட்டும் பறவையை வையுங்கள். மழையும் ஸ்னேர் டிரம்மின் மேல் ஓடும் பிரஷும் காதுக்கு ஒரே பொருள். இரண்டில் ஒன்றை விடுங்கள். நான் பிரஷைத்தான் வைத்துக்கொள்வேன், அது தாளத்தோடு பேசும்.

எதிரொலியில் பலர் தவறுகிறார்கள். திறந்த வெளியில் ஒலி திரும்பி வர ஏதுமில்லை. புல்வெளிப் பதிவின்மேல் பெரிய மண்டபத்தின் எதிரொலியோடு குரலை வைத்தால், பாடகர் ஓரிடத்திலும் குளம் வேறிடத்திலும் இருப்பதாகத் தோன்றும். அந்தப் பாடலில் குரலை உலர்வாக விடுங்கள். வெளிப்பதிவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டினால் பாஸுக்கு இடம் கிடைக்கும். சுவர்க்கோழி போல் நிலையான சுரம் கொண்ட ஒலி, பாடலின் சுருதியோடு மோதுகிறதா என்றும் கேளுங்கள். மோதினால் பதிவின் சுரத்தைச் சற்று நகர்த்துங்கள், பாடலைத் தொடாதீர்கள்.

12. வரிசை, மாஸ்டரிங், வெளியீடு

மூன்று பத்தித் தாளை மறுபடி எடுத்து, முதற்பொருளின் வரிசையில் பாடல்களை அடுக்கி முழுவதும் கேளுங்கள். கை அடுத்த பாடலுக்குத் தாவத் துடிக்கும் நொடியைக் குறியுங்கள். பெரும்பாலும் அங்கே வெளிப்பதிவு நீண்டுவிட்டிருக்கும்.

ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால்தான் ஒரு கேட்பாகக் கணக்காகும். பாடல் தொடங்கும் முன் முக்கால் நிமிடம் நீரோசை வைத்தால், குரலைக் கேட்காமலேயே பலர் நகர்ந்துவிடுவார்கள். ஒலியை முந்தைய பாடலின் வாலில் வைத்து, அடுத்த பாடலைக் குரலோடு அல்லது முதல் தட்டோடு தொடங்குங்கள். வெறும் மழைச் சத்தத்தைத் தனி இடைத் துண்டாக வெளியிடுவதையும் தவிருங்கள்; 2024 முதல் இரைச்சல் வகைப் பதிவுகள் அங்கே ராயல்டி ஈட்டக் குறைந்தது இரண்டு நிமிட நீளம் என்ற தனி நிபந்தனை இருக்கிறது.

மாஸ்டரிங் (வெளியீட்டுக்கான இறுதி ஒலிச் சீரமைப்பு) செய்பவரிடம் பாடல்களுக்கு இடையே எத்தனை நொடி, எங்கே இடைவெளியே கூடாது என்று எழுதிக் கொடுங்கள். ஸ்ட்ரீமிங் தளங்கள் ஒலி அளவைத் தாமே சமப்படுத்துவதால் (ஸ்பாட்டிஃபை வழக்கமாக −14 எல்.யு.எஃப்.எஸ்.; கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு இது), சத்தமாக அழுத்தித் தரச் சொல்லிப் பயனில்லை, கிசுகிசுப்புக்கும் உச்சத்துக்கும் உள்ள தூரம்தான் இழப்பாகும்.

ஒவ்வொரு பதிவுக்கும் 12 எழுத்துகள் கொண்ட தனி ஐ.எஸ்.ஆர்.சி. எண் (ஒலிப்பதிவை அடையாளம் காட்டும் பன்னாட்டுக் குறியீடு) பெற்று, கோப்புகளைப் பதிவேற்றும் முன் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாசித்தவர்கள், எழுதியவர்கள் பெயர்களோடு, எந்த இடத்தில், எந்த மாதம், எத்தனை மணிக்கு எந்த உயிரின் ஒலி பதிவானது என்பதையும் உறைக் குறிப்பில் சேருங்கள். பதிவின் முடிவில் நீங்கள் வாயால் சொன்னது இதற்குத்தான்.